பெரிய டயர் போட்டால் ஆக்சில் கியரையும் மாற்ற வேண்டுமா?

பிக்கப்பிலோ ஜீப்பிலோ இரண்டு சைஸ் பெரிய டயரை மாட்டியதும் வண்டி சோம்பிப்போகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பத் தயங்கும், ஏற்றத்தில் டாப் கியரில் நிற்காது, ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். டயரின் சுற்றளவு கூடும்போது ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரமும் கூடுகிறது, அதே விகிதத்தில் இழுவை குறைகிறது. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியனை (பெரிய பல்சக்கரமான கிரவுனும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும்) கழற்றிவிட்டு எண் குறைந்த ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் எத்தனை சுற்று என்ற எண்) ஒன்றைப் போட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கே டயர் வழியாக நடக்கிறது.

எண் கூடிய ரேஷியோவைப் போட்டால் இழந்த இழுவை திரும்பிவிடும். ஆனால் எல்லா வண்டிக்கும் அது தேவைப்படாது. "35 அங்குலமா, அப்படியென்றால் 4.56 போடு" என்று டயர் சைஸை மட்டும் கேட்டுவிட்டு ரேஷியோ சொல்பவர்களை நம்ப வேண்டாம். டயர் எத்தனை சதவீதம் பெரிதாகிறது, கியர்பாக்ஸில் எத்தனை கியர், வண்டி எதைச் சுமக்கிறது அல்லது இழுக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் பதில் கிடையாது.

டயரின் உண்மையான அளவு

பக்கச்சுவரில் 265/70 ஆர்17 என்று இருந்தால் அகலம் 265 மி.மீ., சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 371. ரிம் 17 அங்குலம், 25.4-ஆல் பெருக்கினால் 431.8. மொத்த விட்டம் 803 மி.மீ. இதே கணக்கில் 285/70 ஆர்17 என்பது 831 மி.மீ., 315/70 ஆர்17 என்பது 873 மி.மீ. வரும். கடைசியில் சொன்னதைத்தான் '35 அங்குல டயர்' என்று விற்கிறார்கள். கணக்குப்படி அது 34.4 அங்குலம்தான். 37 என்று அச்சடித்தவற்றிலும் பல அரை அங்குலம் குறைவாகவே இருக்கும்.

இது காற்றில் தூக்கிவைத்த டயரின் அளவு. வண்டியின் எடை ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்கும், உருளும் சுற்றளவு சுமார் 3 சதவீதம் குறையும். துல்லியம் வேண்டுமானால் உருட்டியே அளந்துவிடலாம். வழக்கமான காற்றழுத்தம் வைத்து, வழக்கமான சுமையோடு, சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஐந்து முழுச் சுற்று நேராக உருட்டி, கோடு மறுபடி தரைக்கு வரும் இடத்தில் அடுத்த கோடு. இடைத்தூரத்தை 5-ஆல் வகுத்து, பிறகு 3.1416-ஆல் வகுத்தால் உருளும் விட்டம். ஒரே சுற்றை அளந்தால் சாக்பீஸ் கோட்டின் அகலமே பிழையாகிவிடும், அதனால்தான் ஐந்து.

பழைய டயரை உருட்டி அளந்துவிட்டு, புதிய டயருக்கு மட்டும் பக்கச்சுவர் எண்ணைப் போடாதீர்கள். அந்த 3 சதவீத வித்தியாசம் கணக்குக்குள் புகுந்து, தேவையில்லாத ஒரு ரேஷியோவை வாங்க வைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே முறை இருக்கட்டும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் பக்கச்சுவர் எண்ணை வைத்தவை. 37-க்கு மட்டும், வண்டியில் மாட்டாத டயரை அளந்தால் பொதுவாக வரும் 930 மி.மீ. எடுத்திருக்கிறேன்.

இப்போது ஆக்சிலில் இருக்கும் ரேஷியோ

ஆக்சில் மூடியின் போல்ட்டில் தகரத் துண்டு ஒன்று தொங்கும், அதில் ரேஷியோவோ பற்களின் எண்ணிக்கையோ இருக்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் குறியீடாகவும் இருக்கலாம். பழைய வண்டி என்றால் இரண்டையும் நம்பிவிட முடியாது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். எண்ணிப் பார்ப்பதே உறுதி.

டிஃபரென்ஷியல் சாதாரண ஓப்பன் வகை என்றால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவிப்பு. தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஆனால் 3.55-க்கும் 3.73-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சுற்றில் கண்ணுக்குப் பிடிபடாது. சக்கரத்தை 20 முறை சுற்றி, ஷாஃப்ட் சுற்றுகளை எண்ணி 10-ஆல் வகுங்கள். 37-ஐத் தாண்டிக் கொஞ்சம் வந்தால் 3.73, 35-ஐத் தாண்டி அரைச் சுற்று வந்தால் 3.55. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரோ, ஓரளவு பூட்டும் லிமிட்டெட் ஸ்லிப்போ இருந்தால் இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டு, சக்கரம் 10 சுற்றுக்கு எண்ணுங்கள். மூடியைத் திறக்கும் வாய்ப்பு இருந்தால் பற்களை எண்ணுவது இன்னும் நல்லது. கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10, 41-க்கு 9 என்றால் 4.56.

கணக்கு

பழைய இழுவையைத் திரும்பப் பெறத் தேவையான ரேஷியோ = இப்போதைய ரேஷியோ × புதிய டயர் விட்டம் ÷ பழைய டயர் விட்டம்.

என்ஜின் ஆர்பிஎம் = 5305 × வேகம் (கி.மீ./மணி) × ஆக்சில் ரேஷியோ × கியர் ரேஷியோ ÷ டயர் விட்டம் (மி.மீ.).

முதல் சூத்திரத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். முடிவு எடுக்க உதவுவது இரண்டாவது. 265/70 ஆர்17 டயர், 3.73 ஆக்சில், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், டாப் கியர் 0.70 என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். உண்மையான வேகம் 100 கி.மீ. என்று வைத்தால்:

- பழைய டயர், 803 மி.மீ.: 1725 ஆர்பிஎம்
- 285/70 ஆர்17, 831 மி.மீ., 3.5 சதவீதம் பெரிது: 1667
- 315/70 ஆர்17, 873 மி.மீ., 8.7 சதவீதம் பெரிது: 1587
- 37 அங்குலம், 930 மி.மீ., 15.8 சதவீதம் பெரிது: 1489

ஆர்பிஎம் குறைந்தால் எரிபொருள் மிச்சம் என்று தோன்றும். வெறும் வண்டி, சமதளம், எதிர்காற்று இல்லை என்றால் ஓரளவுக்கு உண்மை. ஆனால் பெரிய டயர் எடையும் உருளும் தடையும் கூடியது; வண்டியையும் உயர்த்தியிருந்தால் காற்றுத் தடையும் கூடும். இவற்றை எல்லாம் 1489-ல் தள்ள என்ஜினிடம் டார்க் (சுழற்றும் விசை) இருக்காது. கியர் மூன்றாவதுக்கு இறங்கும். மூன்றாவது 1.00 என்பதால் ஆர்பிஎம் 2128-க்குத் தாவும். 1489-க்கும் 2128-க்கும் நடுவே அந்த கியர்பாக்ஸில் ஒன்றும் கிடையாது. சின்ன மேடு வந்தால் கீழே, தாண்டினால் மேலே என்று நாள் முழுக்க அல்லாடும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் (நழுவாமல் பூட்டும் பிடிப்பு) ஒவ்வொரு முறையும் விடுபட்டு, ஆயில் சூடேறி, கிளட்ச் பேக் தேயும். கியர் மாற்றாமல் விட்டதன் உண்மையான விலையைக் கடைசியில் கியர்பாக்ஸ்தான் கொடுக்கிறது.

இதே ஆக்சிலையும் இதே 37-ஐயும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கில் பாருங்கள். ஃபோர்டும் ஜிஎம்மும் கூட்டாக உருவாக்கிய பத்து கியர் பெட்டியில் ஏழாவது 1.00, எட்டாவது 0.85, ஒன்பதாவது 0.69, பத்தாவது 0.64. 100 கி.மீ.-ல் எட்டாவது சுமார் 1817 ஆர்பிஎம் தரும். நான்கு கியர் வண்டிக்கு இல்லாத நடுப்படி இங்கே இருக்கிறது. பத்தாவது பயன்படாமல் கிடக்கும், அவ்வளவுதான். கிளம்பும்போதும் அப்படியே: பழைய நான்கு கியர் பெட்டிகளில் முதல் கியர் 3.06 அளவில் இருக்கும், இதில் 4.70. அந்த ஒன்றே 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல் இழுவை. அதனால் எட்டு, பத்து கியர் வண்டிகளில் 35 போட்டுவிட்டு ஆக்சிலைத் தொடாமலே திருப்தியாக ஓட்டலாம்.

எப்போது தொட வேண்டாம், எப்போது தப்ப முடியாது

5 சதவீதத்துக்குள் என்றால் ஆக்சிலைத் திறக்காதீர்கள். ஸ்பீடோமீட்டரைத் திருத்துங்கள், போதும். டயரில் செலவழித்ததற்கு மேல் இன்னொரு பெரிய செலவு செய்து திரும்பக் கிடைப்பது உணரக்கூட முடியாத வித்தியாசம்.

5 முதல் 10 சதவீதம் வரை பயன்பாடுதான் சொல்லும். ஆறு கியருக்கு மேல், ட்ரெய்லர் கிடையாது, பெரும்பாலும் சமதளம் என்றால் விட்டுவிடலாம். நான்கு ஐந்து கியர், மலைப்பாதை, பின்னால் ட்ரெய்லர் என்றால் மாற்றுவது நல்லது. மேனுவல் கியர் வண்டியில் இன்னொரு கோணமும் உண்டு. முதல் கியரில் கிளம்பும்போதும், சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் கிளட்ச்சை அதிக நேரம் அரைக்க வேண்டிவரும். கிளட்ச் வாசனை வர ஆரம்பித்தால் ரேஷியோ போதவில்லை.

10 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான வண்டிகளில் மாற்றத்தான் வேண்டும். விதிவிலக்கு, மேலே சொன்ன பல கியர் ஆட்டோமேட்டிக்குகளும், தொழிற்சாலையிலேயே 4.10-க்கு மேல் வந்தவையும்.

டர்போ டீசலுக்கு டார்க் நிறைய என்பதால் கியர் மாற்ற வேண்டாம் என்பார்கள். பாதிதான் சரி. டர்போ முழுதாக எழும்ப 1600, 1800 ஆர்பிஎம் ஆவது வேண்டும். டயரால் ஓட்டும் ஆர்பிஎம் அதற்குக் கீழே போனால், சுமையோடு ஏறும்போது காற்று போதாமல் டீசல் மட்டும் அதிகம் விழும். புகையும் வெளியேற்ற வாயுவின் சூடும் கூடும். டீசலுக்கும் அதே கணக்கைப் போட்டு, வழக்கமாக ஓட்டும் வேகத்தில் ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) லோ ரேஷியோ மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாறை ஏறுவதற்கு அது அருமை. சாலையில் ஹை ரேஞ்சில் ஓட்டும்போது ஒரு பயனும் இல்லை.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது

3.73-ல் 873 மி.மீ. டயருக்கு முதல் சூத்திரம் 4.06 என்று சொல்லும். சந்தையில் கிடைப்பது 4.10. போட்டால் 100 கி.மீ.-ல் 1744, கிட்டத்தட்ட பழைய நிலை. 930 மி.மீ. டயருக்கு விடை 4.32, கிடைப்பவை 4.30, 4.56. முதலாவது 1717 தரும், இரண்டாவது 1821.

இங்கே என் பரிந்துரை 4.56. சூத்திரம் விட்டத்தை மட்டுமே ஈடுகட்டுகிறது. டயரின் எடை, தடித்த ட்ரெட், உயர்ந்த வண்டியின் காற்றுத் தடை எதுவும் அதற்குத் தெரியாது. இரண்டு எண்ணுக்கு நடுவே விடை விழுந்தால் மேல் எண்ணை எடுங்கள். ஆனால் அதற்கும் மேலே தாவ வேண்டாம். எண் கூடக் கூடப் பினியனின் பற்கள் குறைந்து பினியனே சிறுத்துப்போகும். 4.10-ல் 10 பல், 4.88-லும் 5.13-லும் 8 பல். ஒரே நேரத்தில் கிரவுனோடு பொருந்தி நிற்கும் பற்கள் குறைவதால் தாங்கும் வலுவும் குறைகிறது. சிறிய ஆக்சிலில் 5.13 போட்டுக்கொண்டு லாக்கரோடு பாறையில் ஏறுவது பினியன் பல்லை உடைக்கும் நேர்வழி.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பாகங்கள் வந்த பிறகு தெரிந்தால் வேலை நின்றுபோகும்.

டிஃபரென்ஷியல் கேரியர், அதாவது கிரவுன் மாட்டியிருக்கும் கூடு. பினியன் சிறுத்தால் கிரவுன் அதை நோக்கி நெருங்கி வர வேண்டும். ஒரு எல்லைக்கு மேல் பழைய கேரியரின் ஃபிளேன்ஜ் எட்டாது. டானா 44 என்ற ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறு. டானா 60-லும் ஜிஎம்மின் 10.5 அங்குல 14 போல்ட்டிலும் 4.10 வரை ஒன்று, 4.56 முதல் வேறு. எல்லையைத் தாண்டினால் புதுக் கேரியர் வேண்டும், இல்லையென்றால் தடிமனாகச் செய்த கிரவுன் வேண்டும். லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் இதுதான் நேரம்; கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சிலுக்கு இந்த எல்லை கிடையாது. தடிமன் கிரவுன் எடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: சி-கிளிப் வகை ஆக்சிலில் (ஷாஃப்டின் உள்முனையை சி வடிவக் கிளிப் பிடித்திருக்கும்) ஷாஃப்டைக் கழற்ற உருவ வேண்டிய குறுக்குக் கம்பி, அதாவது கிராஸ் பின், கிரவுன் பல்லில் முட்டலாம். அதற்கென்று வெட்டு விட்ட கிராஸ் பின் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்கு சக்கர இயக்கம். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ. 4.10-க்கு 4.11 மாதிரி ஒரு சதவீதத்துக்குள் வித்தியாசம் பரவாயில்லை. பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று விட்டுவிட்டு உலர்ந்த சாலையில் 4வீல் போட்டால் 10 சதவீத வித்தியாசமும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் செயின் மேல் இறங்கும். பின் ஆக்சில் மட்டும் முடிந்து, முன் ஆக்சிலின் பாகம் வரவில்லை என்றால் அதுவரை 4வீல் லீவரைத் தொடவே கூடாது. முழுநேர நான்கு சக்கர வண்டியை அந்த நிலையில் ஓட்டவே முடியாது.

முன் ஆக்சில் ஹை பினியனா, லோ பினியனா. பினியன் கிரவுனின் மையத்துக்கு மேலே இருக்கும் வகைக்குப் பற்களின் சுழல் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

கழற்றுவதற்கு முன்

கிரவுன்-பினியன் ஜோடி, மாஸ்டர் இன்ஸ்டலேஷன் கிட், கியர் ஆயில், கேஸ்கெட் அல்லது ஆர்டிவி (சிலிகோன் பசை). கிட்டுக்குள் பினியன் பேரிங் இரண்டு, கேரியர் பேரிங் இரண்டு, பினியன் சீல், நட், கிரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங் இறுக்கத்தை நிர்ணயிக்கும் வளையம்), ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), கிரவுன் போல்ட்டுகள், மார்க்கிங் பேஸ்ட் இருக்க வேண்டும். பழைய பேரிங் நன்றாக இருக்கிறதே என்று மிச்சம் பிடிக்காதீர்கள். கிரவுன்-பினியன் எப்போதும் ஜோடிதான். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

கருவிகளில் மூன்றுக்கு மாற்றே கிடையாது. காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ். மைக்ரோமீட்டர். பினியன் சுழலும்போது எவ்வளவு டார்க் எடுக்கிறது என்று காட்டும் சிறிய முள் டார்க் ரெஞ்ச். கிளிக் வகை இதற்கு உதவாது, ஏனென்றால் சுழன்றுகொண்டிருக்கும்போது முள்ளைப் படிக்க வேண்டும். இவற்றோடு பேரிங் புல்லர், பிரஸ். இவை கையில் இல்லை என்றால், டிஃபரென்ஷியல் வேலையையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது முடித்த பிறகு பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம்) எண்ணும், பல் பதிவின் (பற்கள் ஒன்றை ஒன்று தொடும் தடத்தின்) படமும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயங்காமல் கொடுப்பவரே வேலை தெரிந்தவர்.

பொருத்துவது

கேரியரைப் பிடித்திருக்கும் பேரிங் கேப் இரண்டிலும், ஹவுசிங்கிலும் பஞ்ச் அடித்து இடம் வலம், மேல் கீழ் குறியுங்கள். கேப்பும் ஹவுசிங்கும் சேர்த்துக் கடைந்தவை. மாற்றிப்போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. எந்தப் பக்கம் எந்த ஷிம் இருந்தது என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஹவுசிங்கையும் இரு பக்கக் குழாய்களையும் நன்றாகக் கழுவுங்கள். பழைய இரும்புத்தூள் குழாயில் தங்கியிருந்தால் புது பேரிங்குக்குள்தான் போகும். ஹவுசிங்கின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி சீல் ஒழுகும்.

கிரவுனைக் கேரியரில் உட்கார வைக்கும் முகத்தில் ஒரு பிசிறுகூட இருக்கக் கூடாது. போல்ட் புதியது, சிவப்பு லாக்டைட், எதிரெதிராக இறுக்கி மேனுவல் சொல்லும் டார்க். சில ஆக்சில்களில், ஜிஎம்மின் 8.5 அங்குல 10 போல்ட், க்ரைஸ்லர் 8.25 போன்றவற்றில், இந்தப் போல்ட்டுகள் இடப்புரி. தெரியாமல் திருப்பினால் கழற்றுவதாக நினைத்து முறித்துவிடுவீர்கள்.

முதலில் பினியனின் ஆழம். பழைய பினியனின் தலைக்குப் பின்னால் இருந்த ஷிம்மின் அளவையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரே தடவையில் அமையாது, பலமுறை கழற்றி மாட்ட வேண்டிவரும். அதற்காக ஒரு பழைய பேரிங்கின் உள்விட்டத்தைக் கொஞ்சம் தேய்த்து, கையால் போட்டு எடுக்கும்படி வைத்துக்கொள்வது வழக்கம். இந்தச் சோதனைக் கட்டத்தில் கிரஷ் ஸ்லீவும் சீலும் வேண்டாம். பினியன் ஆடாமல் லேசான இறுக்கத்தோடு சுழலும்வரை நட்டைக் கட்டுங்கள்.

கேரியரை உட்கார வைத்து டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லில் நேராக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பேக்லாஷ் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ.; உங்கள் கிரவுன்-பினியனோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம். கூடவும் குறையவும் செய்ய ஒரு பக்கத்து ஷிம்மை எடுத்து மறுபக்கம் போட வேண்டும். 0.25 மி.மீ. மாற்றினால் பேக்லாஷ் சுமார் 0.18 மி.மீ. நகரும். மொத்த ஷிம் தடிமன் குறையவே கூடாது. கேரியர் பேரிங்குக்கு இறுக்கம் அதிலிருந்துதான் வருகிறது. கிரவுனைச் சுற்றி நான்கு இடத்திலாவது அளங்கள். இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுனுக்கு அடியில் அழுக்கு மாட்டியிருக்கிறது, இல்லையென்றால் கேரியர் வளைந்திருக்கிறது.

இனி பதிவு. மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டை மூன்று நான்கு பல்லில் இருபுறமும் மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு மரக்கட்டையால் கிரவுனைத் தடுத்து சுமை கொடுத்தபடி பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். பேஸ்ட் விலகி பளிச்சென்று ஒரு முட்டை வடிவம் தெரியும். முதலில் அது பல்லின் நுனிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுனியை ஒட்டியிருந்தால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளியிருக்கிறது, தலைக்குப் பின்னால் ஷிம் கூட்டுங்கள். அடியை ஒட்டியிருந்தால் அதிகம் உள்ளே போய்விட்டது, ஷிம் குறையுங்கள். முட்டையின் ஓரம் மெல்ல மங்கினால் நல்லது. ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக முடிந்தால் தொடர்பு அந்தப் பக்கம் பல்லை விட்டு வெளியே ஓடுகிறது என்று அர்த்தம். பல்லின் நீளவாக்கில் கொஞ்சம் உள்முனைப் பக்கமோ வெளிமுனைப் பக்கமோ இருப்பதைப் பார்த்துப் பயந்து ஆழத்தை மாற்றக் கூடாது. பலர் குழம்பி மணிக்கணக்கில் சுற்றுவது இங்கேதான். ஆழத்தைச் சொல்வது நுனி-அடி நிலை. ஷிம்மை முதலில் 0.1 மி.மீ. அளவில் தாராளமாக மாற்றிப் பார்த்து, நல்ல இடம் இரண்டு பக்கமும் எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு நடுவுக்கு வாருங்கள். ஆழத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பேக்லாஷும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகே அடுத்த பதிவு.

பதிவு சரியானதும் புது பேரிங், கிரஷ் ஸ்லீவ், சீல், நட் போட்டு இறுதியாகக் கட்டலாம். ஸ்லீவ் நசுங்க 400 நியூட்டன் மீட்டர் அளவுக்குக்கூட விசை கேட்கும், நீளமான கம்பி வேண்டும். பினியனில் ஆட்டம் இருக்கும்வரை தைரியமாக இறுக்கலாம். ஆட்டம் நின்ற நொடியிலிருந்து நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும், ஒவ்வொரு திருப்புக்கும் முள் ரெஞ்சால் சுழற்றிப் பாருங்கள். கேரியர் இல்லாமல் அளக்கும்போது புது பேரிங்குக்கு பெரும்பாலான ஆக்சில்களில் 1.7 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கிய ஸ்லீவ் மீண்டு வராது, இறுக்கம் போய் பினியன் தளர்ந்துவிடும். வேறு ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் கையில் ஒன்றுக்கு இரண்டு ஸ்லீவ் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கட்டிய பிறகு பேக்லாஷையும் பதிவையும் கடைசியாக ஒருமுறை பார்த்து, படம் எடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள்.

பழக்குதல்

புதுக் கியர் கெடுவது பெரும்பாலும் முதல் நாளில். பற்கள் ஒன்றோடொன்று உரசிப் பளபளப்பாகும்வரை வழக்கத்தை விட அதிகச் சூடு பிறக்கும். அந்தச் சூட்டிலேயே நீளமாக ஓட்டினால் ஆயில் கருகி, பல்லின் கடினத்தன்மை போய்விடும், போனது திரும்பாது. முதல் ஓட்டம் மிதமான வேகத்தில் 20 நிமிடம், பிறகு அரைமணி நேரம் முழுதாக ஆற விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கி.மீ. வரை ட்ரெய்லர், பாரம், முழு ஆக்சிலரேட்டர் எதுவும் வேண்டாம். 800-ல் ஆயிலை மாற்றுங்கள். ட்ரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் அதன் பிறகும் முதல் சில தடவை 25 கி.மீ. இழுத்து, ஆறவிட்டு, மறுபடி என்று பழக்க வேண்டும். ஆயில் ஜிஎல்-5 தரம், பழக்கும் காலத்துக்கு மினரல் ஆயிலே போதும். கிளட்ச் வகை லிமிட்டெட் ஸ்லிப் இருந்தால் அதற்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரை மறக்காதீர்கள்.

ஸ்பீடோமீட்டரும் கம்ப்யூட்டரும்

8.7 சதவீதம் பெரிய டயரில் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 108.7-ல் போகிறது. ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். டயர் மாற்றியதும் மைலேஜ் படுத்துவிட்டது என்ற புகாரில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. காட்டிய தூரத்தை 1.087-ஆல் பெருக்கிவிட்டுப் புலம்புங்கள்.

வேகத்தைக் கியர்பாக்ஸின் வெளிஷாஃப்டிலிருந்து எடுக்கும் வண்டியில், டயருக்கு ஈடாகக் கியரையும் மாற்றினால் மீட்டர் தானாகவே கிட்டத்தட்ட சரியாகிவிடும். சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டிக்கு ஆக்சில் ரேஷியோ தெரியாது, டயர் அளவைத் திருத்தினால்தான் உண்டு. புதிய வண்டிகளில் இரண்டு எண்ணையும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ரேஷியோவைப் பதியாமல் விட்டால் வெளிஷாஃப்ட் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போகாமல் கியர் தவறான நேரத்தில் விழும், எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

கியர் தீர்க்காதவை

பிரேக். டயரின் ஆரம் 8.7 சதவீதம் கூடியதால் அதே பெடல் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 8 சதவீதம் குறைந்திருக்கிறது. எந்தக் கிரவுன்-பினியனும் இதைத் திருப்பித் தராது, பெரிய டிஸ்க்கோ நல்ல பேடோதான் தரும். ஆக்சில் ஷாஃப்டும் அப்படியே. சரியான ரேஷியோ போட்டதும் கியர்பாக்ஸ் மீதும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மீதும் இருந்த கூடுதல் சுமை இறங்கிவிடும். ஆனால் பெரிய டயரைச் சுழற்றும் கூடுதல் டார்க் ஷாஃப்ட் வழியாகத்தான் போக வேண்டும். 37-க்கு மேல் போகிறவர்கள் ஷாஃப்டையும் கணக்கில் சேர்க்கட்டும். வண்டி தயாரித்தவர் சொன்ன ட்ரெய்லர் எடை வரம்பும் ரேஷியோ மாற்றியதால் உயர்ந்துவிடாது.

சத்தம் வந்தால்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிட்டால் பினியன் ஆழத்தைச் சந்தேகியுங்கள். விடும்போது உறுமல் வந்து பினியன் ஃபிளேன்ஜைக் கையால் ஆட்டினால் அசைகிறது என்றால் இறுக்கம் போய்விட்டது. கியர் மாற்றும் கணத்தில் 'டங்' என்று ஒரு அடி என்றால் பேக்லாஷ் அதிகம், அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட். முதல் ஓட்டத்துக்குப் பிறகு பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மட்டும் மற்ற இடங்களைவிடக் கொதித்தால் பினியன் பேரிங்கை மிகையாக இறுக்கியிருக்கிறீர்கள். ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

800 கி.மீ.-ல் ஆயிலை இறக்கும்போது காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது பற்கள் பழகியதன் அடையாளம், துடைத்துவிட்டு மூடலாம். விரலுக்கிடையே நெருடும் செதில் ஒன்று தென்பட்டாலும் மூடியைக் கழற்றிப் பதிவை மறுபடி எடுங்கள்.